ஏழு பேர் சொன்ன குளம்

கொன்றையடி ஏரியில் முப்பது ஆமைகள் இருந்தன. பங்குனி பிறந்தபோது ஏரியில் பாதித் தண்ணீர்கூட இல்லை. மாதம் முடிவதற்குள் நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சியது. அதைச் சுற்றிலும் சேறு. சேற்றைச் சுற்றிலும் வெடித்த மண்.

பெரிய ஆமைகளுக்கு இதில் பயமில்லை. தண்ணீர் வற்றினால் அவை சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். மழை வரும்வரை அப்படியே கிடக்கும். குஞ்சுகளால் அது முடியாது. தண்ணீர் படாமல் அவை இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் தாங்காது.

அந்த வருஷம் ஏரியில் குஞ்சுகள் ஐந்தே ஐந்துதான். ஐந்தும் பாசி என்ற ஆமையின் குஞ்சுகள். ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போல இருக்கும். கடைசிக் குஞ்சுக்கு ஓட்டின் நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி இருந்தது. அதனால் அதற்குப் பொட்டு என்று பெயர்.

குஞ்சுகள் இருக்கும் வருஷத்தில் ஏரி வற்றினால், ஆமைகள் எல்லாம் சேர்ந்து வேறு தண்ணீர் தேடிப் போகும். எங்கே போவது என்று தலைவன்தான் முடிவு செய்ய வேண்டும். அப்போது தலைவனாக இருந்தவன் கல்லோடன். பாசிக்கு அண்ணன்.

"அண்ணா, தென்மேற்கே மதகடிப் பள்ளம் அரை நாள் நடைதானே! அங்கே போயிடலாமா?" என்று பாசி கேட்டாள்.

"மதகடிப் பள்ளமா! ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிற குழி அது. நாத்தம் குடலைப் புடுங்கும். அடியில தண்ணி இருக்கோ, வெறும் சகதி இருக்கோ, யார் கண்டா?"

"யாராவது பார்த்திருப்பாங்கல்ல?"

"கேக்கிறேன், கேக்கிறேன்! கேக்கறதுக்கு எனக்கு ஆளா இல்லை?"

கல்லோடன் சொன்னது உண்மைதான். அந்த வட்டாரத்தில் அவனுக்கு இருந்த பழக்கம் வேறு எந்த ஆமைக்கும் கிடையாது. ஏரிக்கரையில் துணி துவைக்கும் கல் ஒன்று இருந்தது. தினமும் காலையில் அவன் அதன் மேல் ஏறி வெயில் காய்வான். அந்த நேரத்தில் எருமை வரும், அதன் முதுகில் உண்ணிக்கொக்கு வரும், கீரி வரும், மயில் வரும். கரிச்சான், அணில், உடும்பு எல்லாம் வரும். எல்லாரையும் அவன் பெயர் சொல்லி விசாரிப்பான். எருமைக்கன்றின் கால்வலி எப்படி இருக்கிறது என்று கேட்பான். மயிலுக்குத் தோகை உதிரும் மாதத்தில் தோகையைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டான். கீரியோடு மட்டும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துப் பேசுவான். பழகிய வீட்டு முட்டையைக் கீரி தொடாது என்பது அவன் நம்பிக்கை. (கீரி தொட்டது. சொல்லிக்கொள்ளவில்லை.)

அவன் கெட்டவன் இல்லை. நாலு பேர் தன்னைச் சுற்றி நிற்பது அவனுக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான். அந்த நாலு பேரும் ஒரே கல்லைச் சுற்றி, ஒரே நேரத்தில் நின்று, ஒரே பேச்சைப் பேசுகிறார்கள் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவருக்கு இடம் கிடையாது. ஆள்காட்டிக் குருவிக்கு!

எது அசைந்தாலும் அது கத்தும். மாடு வந்தால் கத்தும். நாய் வந்தால் கத்தும். ஒருமுறை கல்லோடனின் கூட்டம் களைகட்டியிருந்தபோது, கரைக்கு மேல் பறந்து பறந்து கத்தியது. மயில் மிரண்டு ஓடியது. அணில் மரமேறியது. வந்தது ஒரு கிழட்டுக் கழுதை.

"கொஞ்சம் மரியாதையா நடந்துக்கக் கூடாதா நீ? நாலு பேர் இருக்கிற இடம்!" என்று கல்லோடன் கோபித்துக்கொண்டான்.

"நான் பார்த்தேன். சொன்னேன். பார்த்ததைச் சொன்னா மரியாதைக் குறைவா?" என்று ஆள்காட்டி திருப்பிக் கேட்டது.

அன்றோடு அவர்களுக்குள் பேச்சு நின்றுபோயிற்று.

கொன்றையடி ஆமைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தோடு இடம் மாறுவது போன்ற பெரிய முடிவை எடுக்கும் முன், தலைவன் ஆமை அல்லாத ஏழு பேரைக் கேட்க வேண்டும். ஏழு பேரும் ஒன்றுபோலச் சொன்னால் புறப்பட வேண்டியதுதான். எந்தக் காலத்தில் யார் ஏற்படுத்திய வழக்கமோ தெரியாது. ஆனால் நல்ல வழக்கம் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

பாசி கேட்டதற்கு மறுநாள் காலை எருமைதான் முதலில் வந்தது.

கல்லோடன் மனதுக்குள் ஏற்கெனவே ஒரு குளம் இருந்தது. மேற்கே இரண்டு நாள் நடையில் இருக்கும் அல்லிக்குளம். சின்ன வயதில் ஒருமுறை அங்கே போயிருக்கிறான். பரந்த தண்ணீர், அகலமான படிக்கட்டு, எங்கு பார்த்தாலும் அல்லி. எத்தனை பேர் வந்தாலும் உட்கார வைத்துப் பேசலாம். மதகடிப் பள்ளத்தில் யாரை உட்கார வைப்பது?

"என்ன எருமையக்கா! மேற்கே அல்லிக்குளத்துல இப்போ தண்ணி நிறைய இருக்குமே?" என்று கேட்டான்.

எருமை அசைபோட்டது. அது அல்லிக்குளம் பக்கம் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"இருக்கும் தலைவரே. பெரிய குளமாச்சே!"

"அதானே! நானும் அதைத்தான் நினைச்சேன்."

ஒன்று என்று அவன் எண்ணிக்கொண்டான்.

அடுத்த நாள் உண்ணிக்கொக்கு தானாகவே ஓடி வந்தது. "தலைவரே, சேதி தெரியுமா? அல்லிக்குளத்துல தண்ணி கரை வரைக்கும் நிக்குதாம்!"

"அப்படியா!" கல்லோடன் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா! நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே நீங்களே சொல்லிட்டீங்க!" இரண்டு.

அதற்கடுத்த நாள் கீரி வந்தது. "கேள்விப்பட்டீங்களா தலைவரே? அல்லிக்குளத்துல மீன் துள்ளி மேல விழுதாம்! கரையில நிக்க முடியலையாம்!" மூன்று.

"எல்லாப் படியும் முழுகிப்போச்சாம்! பூ மட்டும்தான் வெளியே தெரியுதாம்!" என்றது மயில். நான்கு.

அடுத்தடுத்த நாட்களிலும் எண்ணிக்கை ஏறியது. கரிச்சான் சொன்னது. அணில் சொன்னது. ஏழாவதாக உடும்பு வந்து, "நீங்க அல்லிக்குளத்துக்குப் போறதா ஊரெல்லாம் பேச்சு! நல்ல முடிவு தலைவரே! உங்க மூளை யாருக்கு வரும்!" என்றது.

ஏழு நாள். ஏழு பேர். கல்லோடன் ஆமைகளையெல்லாம் கூட்டினான்.

"ஏழு பேரைக் கேட்டாச்சு. ஏழு பேரும் அல்லிக்குளம்னு சொல்றாங்க. விடிஞ்சதும் புறப்படுவோம்!"

ஆமைகள் தலையை ஆட்டின. பாசி மட்டும் ஆட்டவில்லை.

"அண்ணா, ஒரு சந்தேகம். அந்த ஏழு பேர்ல யாராவது, 'நான் பார்த்தேன்'னு சொன்னாங்களா?"

"ஏழு பேரும் பொய்யா சொல்வாங்க?"

"பொய்னு சொல்லலையே. பார்த்தாங்களான்னு கேட்டேன்."

"பாசி! இத்தனை பேர் பழக்கத்தை நான் எதுக்குச் சம்பாதிச்சு வெச்சிருக்கேன்? இந்த மாதிரி நேரத்துக்குத்தானே! உன் குஞ்சுகளுக்காகத்தானே ஏழு நாளா இந்தக் கல்லுல காய்ஞ்சேன்!"

பாசி தன் குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஆள்காட்டியைக் கேட்டியா?"

யாரோ ஒரு ஆமை சிரித்தது. கல்லோடனும் சிரித்தான்.

"அதுவா! அது இந்தப் பக்கம் வந்தே இருபது நாளுக்கு மேல ஆச்சு. காதுக்கு எவ்வளவு நிம்மதி!"

"அதைத்தான் நானும் கேக்கிறேன். ஏன் வரலை? எங்கே போச்சு?"

"எங்கயோ போகட்டும்! அது கத்துறதைக் கேட்டு முடிவெடுக்க ஆரம்பிச்சா, நாம ஒரு கழுதைக்குப் பயந்து ஊரையே காலி பண்ணணும்!"

மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். தன் பேச்சுக்குக் கிடைத்த சிரிப்பு கல்லோடனுக்கு இனித்தது. பாசி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். இன்னும் ஒரு தடவை கேட்டிருக்கலாமே என்று பிற்பாடு அவள் பலமுறை நினைத்தாள். இத்தனை பேர் நடுவில் தலைவனை மறுத்துப் பேச அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் புறப்பட்டார்கள். வழியனுப்ப எல்லா நண்பர்களும் வந்தார்கள். மயில் தோகையை விரித்தது. "குளத்துக்கு வந்து பார்க்கிறோம் தலைவரே! மறந்துடாதீங்க!" என்று கீரி சத்தம் போட்டது. கல்லோடன் நான்கு தடவை திரும்பிப் பார்த்தான். அவ்வளவு பேர் நிற்பதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

ஆமைகள் காலையிலும் மாலையிலும் நடந்தன. உச்சி வெயிலில் ஈச்சம்புதர் நிழலில் கிடந்தன. குஞ்சுகள் முதல் நாள் விளையாடிக்கொண்டே வந்தன. இரண்டாம் நாள் விளையாட்டு நின்றுவிட்டது. பொட்டுவுக்குக் கால் ஓய்ந்தது. கல்லோடன் அதைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டான்.

"மாமா, அல்லிப்பூ என்ன நிறம்?"

"சிலது வெள்ளை. சிலது சிவப்பு."

"தின்னலாமா?"

"தாராளமா! பூவைவிடத் தண்டு ருசியா இருக்கும்."

"எனக்கு ஒரு சிவப்பு."

"ஒண்ணு என்ன, பத்துத் தரேன்!"

இரண்டாம் நாள் மாலை அல்லிக்குளத்தின் கரை தெரிந்தது. கரை மேட்டில் ஆமைகள் ஏறத் தொடங்கியபோது, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பறவை எழும்பிக் கத்தியது. கல்லோடனுக்குத் தெரிந்த குரல்.

"அட, ஆள்காட்டி! இங்கேதான் வந்து உக்காந்திருக்கா?" அவன் சந்தோஷமாகத் திரும்பினான். "பார்த்தியா பாசி? தண்ணி இருக்கப்போய்த்தானே இது இங்க வந்திருக்கு!"

"வராதே! வராதே! கீழே பார்த்து நட!" என்று ஆள்காட்டி தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தியது.

கல்லோடன்தான் முதலில் கரையின் உச்சிக்குப் போனான். போனவன் அப்படியே நின்றான்.

குளத்தில் தண்ணீர் இல்லை. சேறுகூட இல்லை. தரை பாளம் பாளமாக வெடித்து, ஓரங்கள் சுருண்டு கிடந்தன. நடுவில் சின்னச் சின்னதாகக் கருவேலஞ்செடிகள் முளைத்திருந்தன. படிக்கட்டு கடைசிப் படிவரை வெளியே தெரிந்தது. வெடிப்புகளுக்கு நடுவே, வெறும் தரையில், புள்ளி போட்ட நான்கு முட்டைகள் இருந்தன.

"மிதிச்சிடாதே! என் முட்டை!"

"நீ... இங்க என்ன பண்றே?" என்று கல்லோடன் கேட்டான்.

"பார்த்தா தெரியலையா? அடைகாக்கிறேன்! காய்ஞ்ச தரையிலதானே நாங்க முட்டை வைப்போம்! மாசிக் கடைசியில இந்தக் குளம் காய்ஞ்சுது. காய்ஞ்சதும் வந்துட்டேன்."

"ஏழு பேர் சொன்னாங்களே... தண்ணி கரை வரைக்கும் நிக்குதுன்னு..."

"எந்த ஏழு பேர்? நான் வந்ததுலேர்ந்து இந்தக் கரையில ஒரு ஈ, காக்கா ஏறலை! நீங்கதான் முதல்ல வந்திருக்கீங்க!"

"எனக்குத் தெரியாதே. நீதான் எங்க பக்கமே வரலையே."

"நான் வரலைன்னா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? கூப்பிட்டிருந்தா ரெண்டு சிறகடியில வந்திருப்பேனே! சொல்லி அனுப்ப உனக்குப் பறக்கிற ஆளா இல்லை?"

பின்னால் மற்ற ஆமைகள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. ஏறி வந்த ஒவ்வொன்றும் பேச்சை நிறுத்தியது.

ஆள்காட்டி தரையில் இறங்கி முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. அதன் வயிற்றுச் சிறகுகளிலிருந்து சொட்டு சொட்டாக ஈரம் வடிந்தது. கல்லோடன் அதையே பார்த்தான்.

"அது என்ன ஈரம்?"

"வெயில்ல முட்டை வெந்துடாம இருக்க வயித்தை நனைச்சுக்கிட்டு வரேன். ஒரு நாளைக்கு எட்டு நடை, பத்து நடை."

"எங்கே நனைக்கிறே?"

அந்த ஒன்பது நாளில் கல்லோடன் கேட்ட முதல் உண்மையான கேள்வி அது. விடை தெரியாமல், விடையைத் தானே சொல்லிக்கொடுக்காமல் கேட்ட கேள்வி.

"மதகடிப் பள்ளத்துல. ஆகாயத்தாமரையை விலக்கினா அடியில ஆளுயரத் தண்ணி. சில்லுனு இருக்கும்."

பாசி அண்ணனைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூட அவனுக்குப் பரவாயில்லை போல இருந்திருக்கும். அவள் குஞ்சுகளின் பக்கம் திரும்பி, "எழுந்திருங்கடா. நடக்கணும்," என்று மட்டும் சொன்னாள்.

அல்லிக்குளத்திலிருந்து மதகடிப் பள்ளம் குறுக்கே போனாலும் ஒன்றரை நாள் நடை.

ஆள்காட்டி கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எழுந்தது. "அந்த ஆவாரம் புதரை ஒட்டியே நடங்க. நிழல் இருக்கும். ஒரு நடை முட்டைக்கு, ஒரு நடை இந்தப் பிள்ளைங்களுக்கு. என்னால அவ்வளவுதான் முடியும்!"

அது சொன்னபடியே செய்தது. மூன்றாம் நாள் முழுவதும் பறந்தது. வந்து இறங்கும். குஞ்சுகளின் மேல் வயிற்றைத் தேய்த்து ஈரமாக்கும். குஞ்சுகள் வாயைத் திறந்து சொட்டுகளை வாங்கிக்கொள்ளும். ஐந்து வாய்க்கு அந்தச் சொட்டுகள் போதவில்லை. மறுபடியும் பறக்கும். ஒரு தடவைகூட அது கல்லோடனைக் குத்திக்காட்டவில்லை. கத்துவதற்கு அதனிடம் மூச்சு இல்லை.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் முதல் குஞ்சு நின்றது. பாசி அதைத் தலையால் தள்ளிப் பார்த்தாள். அது நகரவில்லை. அன்று மாலை இன்னொன்று நின்றது.

பொட்டு மாமனின் முதுகிலேயே இருந்தது.

"மாமா."

"சொல்லு கண்ணு."

"அல்லிப்பூ இல்லைன்னா பரவாயில்லை மாமா. தண்ணி இருந்தா போதும்."

கல்லோடன் நடையை வேகப்படுத்தினான். ஆமையின் வேகம் எவ்வளவு இருந்துவிட முடியும்? கற்கள் அடிவயிற்றைக் கிழித்தன. அவன் நிற்கவில்லை. முதுகில் இருந்ததோடு பேசிக்கொண்டே போனான். எருமைக்கன்றுக்குக் கால்வலி வந்த கதையைச் சொன்னான். மயில் மழையில் வழுக்கி விழுந்த கதையைச் சொன்னான். யாருக்கும் சொல்லாத கதைகளையெல்லாம் சொன்னான்.

நான்காம் நாள் காலை ஆகாயத்தாமரையின் ஊதாப்பூ தெரிந்தது. மூக்கைத் துளைக்கும் வாடை வந்தது. அந்த வாடையைவிட நல்ல வாசனையைக் கல்லோடன் அதற்கு முன் முகர்ந்ததே இல்லை. அவன் இலைகளை விலக்கிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தான். சில்லென்றிருந்தது.

"பொட்டு, வந்துட்டோம். இறங்கு."

பொட்டு இறங்கவில்லை.

"இறங்குடா கண்ணு. தண்ணி பாரு."

பாசி வந்து, பொட்டுவை அவன் முதுகிலிருந்து மெதுவாக எடுத்துக் கரையில் வைத்தாள். மிச்சம் இருந்த இரண்டு குஞ்சுகள் தண்ணீருக்குள் இறங்கின.

பெரிய ஆமைகள் எல்லாம் பிழைத்துக்கொண்டன. ஆள்காட்டியின் நான்கு முட்டைகளில் மூன்று பொரிந்தன. நான்காவதைப் பற்றி அது யாரிடமும் பேசவில்லை.

பத்து நாள் கழித்து, சேதி கேட்டுப் பழைய நண்பர்கள் மதகடிப் பள்ளத்துக்கு வந்தார்கள். கரையிலேயே மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றார்கள். எல்லாருக்கும் உண்மையிலேயே வருத்தம்தான்.

"அல்லிக்குளத்துல மீன் துள்ளுதுன்னு யார் உனக்குச் சொன்னது?" என்று கல்லோடன் கீரியிடம் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"கொக்கு சொல்லிச்சு தலைவரே. கரை வரைக்கும் தண்ணின்னு சொல்லிச்சு. அவ்வளவு தண்ணி இருந்தா மீன் துள்ளாதா?"

"எனக்குக் கீரிதான் சொல்லிச்சு," என்றது மயில். "மீன் கரையில வந்து விழுதுன்னா படியெல்லாம் முழுகித்தானே இருக்கணும்?"

கரிச்சானுக்கு மயில் சொன்னதாம். அணிலுக்குக் கரிச்சான். உடும்புக்கு அணில்.

"உனக்கு யார் சொன்னது?" என்று கொக்கைக் கேட்டான்.

கொக்கு எருமையின் முதுகில் நின்றுகொண்டு கீழே பார்த்தது. "இந்த எருமையக்காதான். பெரிய குளம், தண்ணி நிறைய இருக்காம்னு சொன்னாங்க."

"அக்கா, உங்களுக்கு?"

எருமை அசைபோடுவதை நிறுத்தியது. அதன் பெரிய கண்கள் குழம்பின.

"எனக்கா? எனக்கு நீங்கதானே சொன்னீங்க தலைவரே! அன்னைக்குக் காலையில, 'தண்ணி நிறைய இருக்குமே'ன்னு. தலைவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு நானும் ஆமான்னுட்டேன்."

கல்லோடன் வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களில் யாரும் அவனை ஏமாற்றவில்லை. அவன் சொல்லை அவனிடமே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் அன்போடு கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். அவன் ஏழு நாளும் ஒரே ஒருவனைத்தான் கேட்டிருக்கிறான். தன்னைத்தான்.

"அண்ணா," என்றாள் பாசி. அவள் பக்கத்தில் வந்து நின்றது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. "எனக்கும் இதுல பங்கு இருக்கு. அன்னைக்கு எல்லாரும் சிரிச்சதும் நான் வாயை மூடிக்கிட்டேன்."

"நீ கேட்டே பாசி. நான்தான் சிரிச்சேன்."



ஐப்பசியில் மழை பிடித்தது. கொன்றையடி ஏரியில் தண்ணீர் ஏறுகிறது என்று கேள்விப்பட்ட ஆமைகள் அவசரப்பட்டன. கல்லோடன் யாரையும் கூட்டவில்லை. தலைமை தனக்கு வேண்டாம் என்று அவன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். வேறு யாரும் முன்வரவில்லை. அவன் ஆள்காட்டி இருக்கும் பொட்டலுக்கு நடந்து போனான்.

"ஏரி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

"கீழ்க்கரை ஒரு இடத்துல உடைஞ்சிருக்கு. ஏறுற தண்ணி அவ்வளவும் அதுல போகுது. ஆளுங்க மண்ணு போட்டுக்கிட்டிருக்காங்க. பத்து நாள் பொறு. இப்போ போனா மறுபடியும் ஏமாந்துதான் நிப்பே!"

கடைசி வார்த்தை அவனைச் சுட்டது. "சரி," என்றான். அந்த வழியே மாட்டோடு வந்த ஒரு மைனாவைக் கண்டதும், அதனிடமும் அதே கேள்வியை அதே மூன்று சொற்களுக்கு மேல் போகாமல் கேட்டான். "நீங்களே பார்த்தீங்களா?" என்றும் கேட்டான். மைனா, உடைப்பின் ஓரத்தில் நேற்று புழு பொறுக்கியதாகச் சொன்னது. பத்து நாள் பொறுத்தான். ஆமைகள் முணுமுணுத்தன. "பயந்தாங்கொள்ளி ஆயிட்டான்!" என்று ஒன்று சொன்னது அவன் காதிலும் விழுந்தது. பொறுத்தான்.

பதினோராம் நாள் புறப்பட்டார்கள். அரை நாள் நடை. தூறலில் நனைந்த மண் காலுக்கு இதமாக இருந்தது. கல்லோடன் முன்னால் நடந்தான். வழியில் ஒரு சின்ன ஓடை குறுக்கிட்டது. எல்லாரும் கடந்த பிறகு, பாசி அக்கரையில் நின்று திரும்பிப் பார்த்து, குஞ்சுகளை வாய்விட்டு எண்ணினாள்.

"ஒண்ணு. ரெண்டு."

எண்ணி முடித்த பிறகும் அவள் நகரவில்லை. ஓடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முன்னால் போன கல்லோடனும் நின்றான். அவளை வரச் சொல்லி அவன் கூப்பிடவில்லை. அவளாக வரும்வரை மழையில் நின்றான்.

தன் நினைப்பையே பிறர் வாயால் கேட்டு மகிழும் தலைவன், எத்தனை நண்பர்கள் இருந்தாலும் தனியாகத்தான் முடிவெடுக்கிறான். அந்தத் தவறுக்கு அவனை நம்பிப் பின்னால் நடந்தவர்களே பலியாகிறார்கள்.